பறிபோன பச்சை டிக்

ஞாயிறு, ராத்திரி

தாராவி வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: அடியேன் இன்று ஆன்லைன் கோடிங் போட்டியில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு கணக்கைப் போட்டுப் பச்சை டிக் வாங்கினேன். சாயங்காலம் சந்து முழுக்க இதைத்தான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் இர்ஃபான் வந்தான். என் கிளாஸ்தான். இந்தப் போட்டியில் நன்றாக வந்தால் காலேஜ் டீமில் எடுப்பதாக சார் அவனிடம் சொல்லியிருந்தார்.

"ஏலே, என்னைப் போட்டியிலருந்து தூக்கிட்டானுவ. ஒரே கோடிங்கை ரெண்டு பேரு போட்டிருக்கோமாம். டீமும் போச்சு."

"எவன்ல அந்த சோர், திருட்டுப் பய?" என்று குதித்தேன்.

"என் பக்கத்துல ஒருத்தன்தானல உக்காந்திருந்தான். ஒன் டிக்கும் போயிருக்கும், போய்ப் பாரு."

திட்டவில்லை. அப்படியே போய்விட்டான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

போட்டி நடுவில் அவன் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் அவன் ஸ்கிரீனை போட்டோ எடுத்தேன். அதில் அவன் வைத்திருந்த வேரியபிள் பேரையெல்லாம் வடா, பாவ், சட்னி என்று மாற்றினால், காப்பியைப் பிடிக்கும் மெஷின் ஏமாந்துவிடும் என்று நினைத்தேன். அது பேரையே பார்ப்பதில்லையாம், கணக்கைப் போட்ட விதத்தைத்தான் பார்க்குமாம்.

நாளைக்கு சாரிடம் நான்தான் என்று சொன்னால், இர்ஃபானை ஒருவேளை திரும்ப எடுப்பார். ஆனால் முதலில் அந்தக் கோடிங்கை என்னை விளக்கச் சொல்வார். அதில் எனக்குப் புரிந்தது வடாவும் பாவும் சட்னியும் மட்டும்தான்.