2.3-ஆ, 3.2-ஆ, அப்பா?

என் வம்பையெல்லாம் வாங்கிக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாத அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் நான்கு மாதம். இங்கே பாணேரில், வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதலாம், ஆனால் பொய். உங்கள் லேப்டாப்பை அம்மா தினமும் துடைத்து வைக்கிறாள். திறந்தது நான்தான். திறந்திருக்கவே கூடாது.

உங்களோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த குல்கர்னி காகா வந்திருந்தார். பழுக்கக் காய்ந்த எஃகு ஆறும்போது அதன் உள்ளமைப்பு எவ்வளவு வேகமாக மாறும் என்று நீங்கள் போட்ட கணினி மாடலை உங்கள் பெயரிலேயே வெளியிடப் போகிறார்களாம். எண்கள் இருக்கும் ஃபைல் வேண்டும் என்றார்.

ஃபைலைத் தேடித் திறந்தேன். போன வருஷம் உங்கள் பிறந்தநாளன்று அதே ஃபைலில் ஓர் எண்ணின் இலக்கங்களை இடம் மாற்றிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், நீங்கள் கத்துவீர்கள் என்று. நீங்கள் கத்தவில்லை. கண்டுபிடித்தீர்களா, இல்லையா?

இப்போது அங்கே 2.3 இருக்கிறது. நான் மாற்றியதா, நீங்கள் திருத்தியதா? முதலில் எது இருந்தது என்று எனக்கே ஞாபகமில்லை.

எஃகுக்கு நிலை மாற நூறு நொடி, அம்மாவுக்கு மனநிலை மாற ஒரு நொடி என்று நான் சொன்னால் கரண்டி பறந்து வருமே. எண்ணை மாற்றிய கதையைச் சொன்னபோது அவள் கரண்டியைத் தொடக்கூட இல்லை. "உங்கப்பா பேர்ல தப்பு போகக் கூடாது. நீயே போய்ச் சொல்லு" என்றாள்.

சனிக்கிழமை போய்ச் சொன்னேன். காகா இரண்டையும் போட்டுப் பார்த்தார். 2.3 போட்டால் வரைபடத்தில் கோடு சோம்பேறித்தனமாக ஏறுகிறது. 3.2 போட்டால் செங்குத்தாகப் பாய்கிறது. சோதனையில் அளந்த புள்ளிகளோ இரண்டுக்கும் நடுவில்.

"அரே பேட்டா, தோனோ கலத்."

இரண்டுமே தப்பாம். நீங்களும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்களாம். சரியான எண் கிடைத்தால்தான் வெளியீடாம்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வருகிறது. தப்பு என்னுடையது என்றால் திட்டாவது வாங்கியிருப்பேன். விடை உங்களிடமும் இல்லையென்றால் நான் யாரைப் போய்க் கேட்பது?

அதனால் இனி எல்லாச் சனிக்கிழமையும் ஆய்வகத்துக்குப் போகிறேன். கோடு புள்ளிகள்மேல் உட்காரும்வரை எண்ணை மாற்றுவேன். இந்தத் தடவை ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்திலேயே எழுதிவைப்பேன்: முன்பு என்ன, இப்போது என்ன, மாற்றியது யார்.

மாற்றியது,
உங்கள் மகள் வித்யா