கோழியின் காது எங்கே இருக்கிறது

மச்சான்,

விடிய விடிய மழை. காலையில் கூட்டைத் திறந்து, உள்ளே கிடந்த மரத்தூளை ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பொலபொலவென்று காய்ந்திருந்தது. தூசி மூக்கில் ஏறித் தும்மிவிட்டேன். நீ இருந்திருந்தால் அந்த ஒரு தும்மலுக்கே எனக்குக் கொத்தமல்லி அவித்திருப்பாய்.

உன் கூடு இப்போது என் வீட்டின் பின்பக்கம் நிற்கிறது. உனக்கு வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரம்மா அங்கே வேறு ஆட்களைக் குடிவைத்ததும் மதிலுக்கு மேலால் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினோம்.

முட்டைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் வெள்ளவத்தையில் பலர் கோழி வாங்கினார்கள். அவர்கள் முட்டைக்காக வாங்கினார்கள். நீ கனடாவுக்குப் போகாமல் இருப்பதற்காக வாங்கினாய். உன் மனைவி மறைந்த பிறகு மகள் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் வந்து, "தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள் அப்பா, வாங்கோ" என்பாள். முழங்கால் வலி, நீரிழிவு என்கிற சீனி வருத்தம், விசா, பல்லுக்கட்டு என்று எல்லாச் சாக்கும் தீர்ந்துபோன நேரத்தில்தான் கோழிகள் வந்து சேர்ந்தன. "நாலு சீவனை விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை வாறது?" என்று நீ கேட்டபோது, உண்மை தெரிந்த நானே கொஞ்சம் கண் கலங்கினேன்.

ஆனால் உனக்குக் காற்று என்றால் பகை. மார்கழியில் கொழும்பே வியர்த்துக்கொண்டிருக்க, நீ மட்டும் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு பாண் வாங்கப் போவாய். பனி காதுக்குள்ளால்தான் உடம்புக்குள் இறங்குகிறது என்பது உன் முடிவு. கோழிக்கும் அதே சட்டம்தான். கூட்டைச் சுற்றிப் பொலித்தீன், அதற்கு மேல் தறப்பாள், இடுக்குகளில் கிழிந்த சாரத்துண்டு. சில நாட்களில் கோழிகள் தும்மத் தொடங்கின. அவை தும்மத் தும்ம நீ இன்னும் இறுக்கி மூடினாய். கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்து, ஆறவைத்து, தண்ணீர்த் தட்டில் ஊற்றினாய். அவை அதைக் குடிக்காமல் அதற்குள் ஏறி நின்றன.

மரத்தூள் களியாகிப்போனது. கண்ணைக் கரிக்கிற நாற்றம் மேல்மாடி வரைக்கும் போயிற்று. ஒருநாள் வீட்டுக்காரம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஐயா, மேலை இருக்கேலாமல் கிடக்கு. இந்த மாசத்தோடை கோழியள் போகோணும்."

அவர் போன பிறகு நீ பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துவிட்டாய். "கோழி போனால் நானும் போகோணும் மச்சான். அங்கை வீட்டுக்குள்ளையே இருக்கோணுமாம். கதைக்க ஒரு சனமில்லை." உன்னைக் கேலி செய்யவே பிறந்தவன் நான். அன்று இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு உனக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ போனால் எனக்கும் இங்கே யார் இருக்கிறார்கள்?

"இது குளிராலை வந்ததில்லை, ஈரத்தாலை வந்தது," என்றேன். "அதுகள் மூச்சு விடுது, எச்சமும் ஈரம். அந்த ஈரம் வெளியிலை போக ஒரு வழி விட்டனியோ?"

"மழையே இல்லை. எப்பிடி ஈரம் வரும்?" என்று சொல்லி, என்னைப் பொய்யனாக்குவதற்கென்றே தறப்பாளைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாய். உள்ளே இருந்து உன் குரல் வந்தது.

"மச்சான், சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிட்டுது. ஒண்டும் தெரியேல்லை."

தோளில் பிடித்து வெளியே இழுத்தேன். "ஆசுப்பத்திரிக்குப் போவம். மகளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை" என்றாய். உன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, படிந்திருந்த ஆவியை என் சேட்டு நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டேன். போன கண் வந்துவிட்டது. மறுபடி உள்ளே பார்த்தாய். கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர்த் துளி. அதில் ஒன்று உன் வழுக்கையில் விழுந்தது. தடவிப் பார்த்துவிட்டு, "இது கோழியின்ர மூச்சோ?" என்று மெதுவாகக் கேட்டாய்.

திறக்கச் சம்மதித்தாய். ஆனால் ஒரு நிபந்தனை: காதில் காற்றுப் படக்கூடாது.

கோழிக்குக் காது எங்கே இருக்கிறது? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நாலில் ஒன்றே ஒன்றான கறுப்புக் கோழியை, நம் கறுப்பியை, நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறகை விலக்க, நீ எட்ட நின்று டோர்ச் அடித்தாய். கையில் வாங்கச் சொன்னேன். இடுப்புப் பிடித்திருக்கிறது என்றாய். கடைசியில் கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்தோம். கோழி தடியில் குந்தியிருக்கும்போது அந்தக் காது வருகிற உயரத்தில் சோக்கட்டியால் கோடு போட்டாய். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பலகையை வெட்டி வலை அடித்தோம். சாரல் விழாமல் தகரத்தை வெளியே நீட்டினோம். பொலித்தீனையும் தறப்பாளையும் கழற்றினோம். கோட்டுக்குக் கீழே பலகை மட்டும். பழைய மரத்தூளை வாரி எறிந்து புதிதாகப் பரப்பினோம்.

பிறகு நான் போனில் தேடி வாசித்தேன். குந்தியிருக்கிற கோழியின் தலைக்கு மேலாகத்தான் காற்று ஓட வேண்டுமாம். ஈரத்தை அது கொண்டு போய்விடுமாம், கோழிக்கும் குளிராதாம். உன் மப்ளர் சாத்திரம் சொன்ன அதே இடம். இதை உனக்கு நான் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் என் காதிலும் கட்டிவிட்டிருப்பாய்.

தும்மல் நின்றது. வீட்டுக்காரம்மா இறங்கி வந்து மோப்பம் பிடித்துப் பார்த்தார். "கோழியளைக் குடுத்திட்டீங்களோ?" என்று கேட்டார். கறுப்பி உள்ளே இருந்து பதில் சொன்னது. அந்த ஞாயிறு நீ மகளிடம், "தப்பீட்டுதுகள் பிள்ளை. ஆனா இப்பதான் தேறுதுகள், விட்டிட்டு வரேலாது" என்றாய். அதற்குப் பிறகு அவள் "வாங்கோ" என்பதை விட்டு, "கோழி சுகமோ?" என்று மட்டும் கேட்டாள்; நீ கடைசி வரைக்கும் அதே வீட்டில், உன் சொந்தக் கட்டிலில்தான் படுத்தாய்.

உன் செத்தவீட்டுக்கு வந்த மகள், திரும்பிப் போகிற அன்று கூட்டடியில் வந்து நின்றாள். "அங்கிள், அப்பாவுக்குக் கோழியைத் தொடவே பயம். சின்னனிலை ஒரு சேவல் கொத்தினதாம். அம்மா சொல்லிச் சிரிப்பா."

"பிறகேன் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் கோழி சுகமோ எண்டு கேட்டனீர்?"

"வாங்கோ எண்டு கேட்டால் அவர் பொய் சொல்லோணும். கோழி சுகம் எண்டு சொன்னால், அப்பா அங்கை சந்தோசமா இருக்கிறார் எண்டு எனக்கு விளங்கும்."

இப்போது ஞாயிறுகளில் அவள் எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். "கோழியள் சுகமோ அங்கிள்?" என்பாள். "ஓம் பிள்ளை, நல்ல சுகம்" என்பேன். உன்னைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைப்பதில்லை.

போன கிழமை கறுப்பி செத்துப்போனது மச்சான். வயது போய்விட்டது, ஈரமுமில்லை, தும்மல் தடிமனுமில்லை, சத்தியமாக. நேற்று அவள் வீடியோவில் வந்து, "கோழியளை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றாள். மூன்றைக் காட்டினேன்.

"கறுப்பி எங்கை?"

"முட்டையிடுது. குழப்பக்கூடாது."

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து மூன்றையும் இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, "சரி அங்கிள், அடுத்த கிழமை பாப்பம்" என்றாள்.

நாளைக்கு முகத்துவாரப் பக்கம் போய் ஒரு கறுப்புக் கோழி தேட வேண்டும்.