பொடிசு ஏன் வாயை மூடுகிறாள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று பூசணிக்காய். முதல் ஸ்பூனை ஆவென்று வாங்கிக்கொண்டாள். இரண்டாவதுக்கு வாயைப் பூட்டிவிட்டாள். மூன்றாவதுக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பொடிசுக்கு இன்றோடு ஆறு மாதம் மூன்று வாரம். இந்த வயதில் இவ்வளவு பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று இவரிடம் கேட்டேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் ஸ்பூன் பிடிக்கிறது, இரண்டாவது பிடிக்கவில்லை. அதே கிண்ணம், அதே பூசணி. நடுவில் என்ன ஆகிறது?

பதினோரு வருடமாகக் கடிகாரம் பழுதுபார்க்கிறேன். ஓடிக்கொண்டிருந்தது நின்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். கடையில் எழுதுவதுபோல் இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

கேரட். அதே கதை.

ஜூன் 6, வெள்ளி

எடை பார்க்கப் போனோம். போன மாதம் என்னவோ அதேதான் இந்த மாதமும். அட்டையில் கோடு படுத்தேவிட்டது. "பால் மட்டும் இனிமே பத்தாதும்மா. சாப்பாடு உள்ள போகணும்" என்றார் நர்ஸ். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தால் முதலாளியின் போன். "ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி வரைக்கும் ஜன்னலோர மேசை உங்களுக்குத்தான். அதுக்கு மேல என்னால காலியா வச்சிருக்க முடியாது. வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்." நல்ல மனிதர். எட்டு மாதம் காத்திருக்கிறார்.

எட்டு வாரம் இருக்கிறது. பகலில் ஐந்து முறை என்னிடம் பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? போனாலும் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரமாக, பிரசவமான இரண்டாம் மாதத்திலிருந்து வலி. கதவுப் பிடியைத் திருப்பினால் உயிர் போகிறது. எனக்குச் சோறு போடுவதே அந்த விரல்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கைக்கு பிசியோதெரபி. சின்னப் பெண், கேள்விமேல் கேள்வி. அவளை எனக்குப் பிடித்துவிட்டது. பிள்ளை பெற்ற பல பேருக்கு இந்த வலி வருமாம். கட்டைவிரலை விரித்து, பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்குவதால்தானாம். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, அடியில் கொடுத்துத் தூக்கச் சொன்னாள். ஒரு பொம்மையை வைத்துப் பழக்கினாள். பொம்மை உதைக்கவில்லை, அதனால் சுலபமாக வந்தது.

"நீங்க அடிக்கடி எதையாவது பிழியுறீங்களா? துணி துவைக்கிறது மாதிரி?"

"இல்லையே. மெஷின்தான் துவைக்குது."

"அப்படியா? இது பிழியற கை மாதிரி இருக்கே" என்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஜூன் 12, வியாழன்

பக்கத்து வீட்டுப் பூனை கத்தியது. எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. யார் பிள்ளை என்றுகூடப் பார்க்காதா இந்த உடம்பு?

ஜூன் 17, செவ்வாய்

எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

பிசியோவுக்குப் போகும்போது பொடிசை இவருடைய அக்காவிடம் விட்டுப் போனேன். கீழ்வீடு, திரைச்சீலை தைக்கிறவர். நான் வேலைக்குப் போனால் பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் மசித்து வைத்த உருளைக்கிழங்கைக் கொடுத்துவிட்டுப் போனேன், வீம்புக்குத்தான். திரும்பி வந்தால் கிண்ணம் காலி.

"நீங்க சாப்பிட்டுட்டீங்களாக்கா?"

"ஏம்மா, எனக்குப் பல்லு இருக்கு. உன் பொண்ணுதான் வழிச்சு நக்கினா."

பொடிசின் புருவத்தில் உருளைக்கிழங்கு. காதுக்குள் உருளைக்கிழங்கு. அக்காவின் தையல் மிஷின்மேலும் ஒரு திட்டு. சிரிப்பு வேறு சிரிக்கிறாள்!

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் வயிறும் எரிந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். நான் சமைத்தது, நான் பெற்றது. என்கிட்ட மட்டும் ஏன்டி வாயை மூடுற?

ஜூன் 18, புதன்

கோளாறு சாப்பாட்டில் இல்லை. என்னிடம்தான். சரி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். ஒரு சமயத்தில் ஒன்றுதான், இரண்டை மாற்றினால் எது என்று தெரியாது.

காலை: அக்காவின் கிண்ணம். ஒரு ஸ்பூன், பூட்டு.
மதியம்: அக்கா வீட்டு நாற்காலி. ஒரு ஸ்பூன், பூட்டு.

ஜூன் 19, வியாழன்

என் பால் வாசனைதான் காரணமோ? அக்காவின் நைட்டியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது இரண்டு பேருக்குப் போதும். இவர் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று, "அக்கா, எப்ப மேல வந்தே?" என்றார். பொடிசு ஏமாறவில்லை. ஒரு ஸ்பூன், பூட்டு.

ஜூன் 21, சனி

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது!

சாப்பாடு நேரமே இல்லை. பொடிசு தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் தண்ணீர் சிந்தியிருந்தது. துடைக்கலாம் என்று, அவளுக்கு ஊட்டும்போது பக்கத்தில் வைத்துக்கொள்கிற வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான். பொடிசு வாயை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்பூன் இல்லை, பூசணி இல்லை. துணி மட்டும்தான்.

துணியைக் கீழே வைத்தேன். திரும்பினாள். எடுத்தேன். சுவர்.

எங்கள் தொழிலில் அழுக்குதான் எதிரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், கடிகாரம் நின்றுவிடும். தொட்டால் துடை, வைத்தால் துடை, பதினோரு வருடமாக இதேதான். மதியம் வேண்டுமென்றே வழக்கம்போல் ஊட்டி, என்னை நானே வேவு பார்த்தேன். ஸ்பூன் வெளியே வருவதற்குள் இடது கை துணியை எடுத்தாகிவிட்டது. வாய், முகவாய், கை. வெந்நீர்க் கிண்ணத்தில் முக்கு, பிழி, துடை. ஆறு ஸ்பூன் நீட்டுவதற்குள் பதினேழு தடவை. அத்தனை தடவையும் வலது கைதான் முறுக்கிப் பிழிகிறது.

பிழிகிறது!

"இது பிழியற கை மாதிரி இருக்கே." அந்தப் பெண் பத்து நாளைக்கு முன்பே சொன்னாள். நான் மெஷின் துவைக்கிறது என்று பெருமையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் மாதத்திலிருந்து பால் குடித்த வாயையும் இப்படித்தானே துடைத்திருக்கிறேன், நாளைக்கு எட்டு வேளை. இரண்டு கோளாறு, காரணம் ஒன்று. அது என் கையிலேயே இருந்திருக்கிறது.

சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது. அத்தனை நாள் பாவம், அவளுக்குப் பசிதானே?

ஜூன் 22, ஞாயிறு

துணியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இவரிடம் கொடுத்தேன். அப்படியும் கை தானாகப் போனது. தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். பூசணி முகவாயில் வழிகிறது, கழுத்துக்குள் இறங்குகிறது, நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடப் பிரசவ வலி தேவலை.

பதினோரு ஸ்பூன். கடைசியில் கிண்ணத்தைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். குளிக்கவைத்துவிட்டேன், ஒரே தடவையாக.

ஜூலை 4, வெள்ளி

எடை முந்நூறு கிராம் கூடியிருக்கிறது. நர்ஸ் கோட்டை மேல்நோக்கி இழுத்தபோது அந்தப் பேனாவை வாங்கி முத்தமிடலாம் போல இருந்தது.

ஜூலை 9, புதன்

பகல் பாலை ஒவ்வொன்றாக நிறுத்துகிறோம். நான்கு நாளுக்கு ஒன்று. பதினொரு மணிப் பால் போய்விட்டது. அவள் கவனிக்கவே இல்லை. என் மார்புக்குத்தான் சரியாகப் பதினொன்றுக்குக் கல்போலக் கனக்கிறது. கடிகாரக்காரி உடம்பு, நேரம் தவறாது.

கதவுப் பிடியைத் திருப்பினேன். வலி இருக்கிறது. ஆனால் உயிர் போகவில்லை.

ஜூலை 16, புதன்

பொடிசை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பொடிசு தூங்குகிறாள் என்று என் பழைய கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்தேன். ஒரே ஒரு ஸ்க்ரூ, அதைக் கழற்றி மாட்ட முடிகிறதா என்று பார்க்கத்தான். கழற்றினேன். இடுக்கியில் எடுத்துத் தூக்கும்போது கட்டைவிரலில் சுருக்கென்றது. ஸ்க்ரூ தெறித்துவிட்டது. எள்ளில் பாதி இருக்கும். மண்டிபோட்டுத் தேடுகிறேன், தேடுகிறேன், காணோம். அப்போது பின்னால் சத்தம். எப்போது எழுந்தாள்? எப்போது தவழ்ந்து வந்தாள்? பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்க்ரூ. அவள் விரலில்.

பாய்ஞ்சு புடுங்கிட்டேன். வாய்க்குள்ள விரல விட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல. அவ கத்துறா, நானும் கத்துறேன். கீழ இருந்து அக்கா ஓடி வந்துட்டாங்க. என்ன பொம்பள நான்? பச்சப்புள்ள தவழுற வீட்ல ஸ்க்ரூவ கழட்டுறேன்!

மாலை. இப்போது கொஞ்சம் நிதானம். கடிகாரம், இடுக்கி, எல்லாவற்றையும் எங்கள் கடிகாரக் கடையில் இவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இனி இந்த வீட்டில் எதையும் திறக்க மாட்டேன். கை தேறிவிட்டதா என்பது முதல் தேதி மேசையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஆனால் ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நேற்றுவரை எதை எடுத்தாலும் மொத்தக் கையால் அள்ளுவாள். ஸ்க்ரூவை அள்ளவில்லை. கட்டைவிரல் நுனி, ஆள்காட்டி விரல் நுனி. நடுவில் ஸ்க்ரூ. இடுக்கி பிடிப்பதற்கு முன்னால் எனக்கு முதலாளி ஒரு மாதம் கற்றுக்கொடுத்த பிடி அது. இவளுக்கு யார் சொன்னது?

ஜூலை 17, வியாழன்

வேகவைத்த பட்டாணியைத் தட்டையாக நசுக்கித் தட்டில் வைத்தேன். ஒன்றொன்றாக, இரண்டு விரலால். அரை மணி நேரத்தில் பதினான்கு. தரையில் கிடப்பவை கணக்கில் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

பகலில் பால் கேட்டு மூன்று நாளாயிற்று. காலை, சாயங்காலம், படுக்கும்போது, இவ்வளவுதான் இப்போது. இதற்காகத்தான் எட்டு வாரம் தலைகீழாக நின்றேன். பிறகு ஏன் மதியம் முழுக்க ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜன்னலோர மேசை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டேன். முதல் ஸ்க்ரூ வழுக்கியது. முதலாளி பார்க்காததுபோல் செய்தித்தாளைத் திருப்பினார். இரண்டாவது தடவை உட்கார்ந்தது. பிறகு நாள் முழுவதும் உட்கார்ந்தது. மதியத்துக்கு மேல் சட்டைக் கையில் காய்ந்த பூசணி ஒரு துளி இருப்பதைப் பார்த்தேன். கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஐந்தரைக்கு அக்கா வீட்டுக்கு ஓடினேன். மார்பு இரண்டும் வலிக்கிறது, சட்டை நனைந்துவிட்டது. பொடிசு தரையில், முன்னால் பட்டாணித் தட்டு. என்னைப் பார்த்தாள். சிரித்தாள். திரும்பிப் பட்டாணியைப் பார்க்கப் போய்விட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். "தூக்கிப் பால் கொடேன்" என்றார் அக்கா. "முடிக்கட்டும்க்கா" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைப் பால் மறக்கவைக்க எல்லாரும் வழி சொன்னார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசிப் பட்டாணி முடிந்ததும் தவழ்ந்து வந்தாள், மடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தையல் மிஷினிலிருந்து ஓர் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்து, என் கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தித் துடைத்தாள். இன்னொரு தடவை.

மூன்றாவது தடவை நான் வாயை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.