வண்டியைக் கெடுத்தது யார்

ஜனவரி 11, சனி

காலையிலிருந்து என் மஸ்டாங் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். ஐம்பது வயது தாண்டிய வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பின்சக்கரங்களுக்கு எஞ்சினின் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலை நானே மாற்றிவிட்டேன். ராதா டீயோடு வந்து குனிந்து பார்த்து, "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆயில் கடையில் கூடவே ஒரு சின்ன பாட்டிலும் கொடுத்தார்கள். உராய்வைக் குறைக்கும் திரவமாம், கலந்து ஊற்ற வேண்டுமாம். என் வண்டியில் இருப்பது லிமிடெட் ஸ்லிப் வகை. சாதாரண வண்டியில் ஒரு பின்சக்கரம் வழுக்கினால் எஞ்சினின் பலமெல்லாம் அதற்கே போய் வீணாகும். இதில் உள்ளே இருக்கும் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்து, இன்னொரு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும். பிடிக்க வேண்டிய தட்டுக்கு வழுக்குகிற திரவம் எதற்கு? வியாபாரத் தந்திரம். இத்தனை வருடம் வளைகுடாவில் பைப்லைன் இன்ஸ்பெக்‌ஷனில் குப்பை கொட்டியவனிடமா? ஊற்றவில்லை.

ஜனவரி 18, சனி

டிரிஃப்ட் மைதானத்துக்குப் போனோம். வண்டியைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வட்டமடிக்க வேண்டும். எனக்கு ஒரு வட்டம்கூட முழுசாக வரவில்லை. பாதியில் நேராகிவிடும், இல்லையென்றால் சுழன்று எதிர்த்திசையில் நிற்கும். பயிற்சி தரும் ஆமிரா, "சார், நீங்க வண்டியோட சண்டை போடறீங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு ராதாவைப் பார்த்து, "மேடம் ஒரு தடவை முயற்சி பண்ணட்டுமே" என்றாள்.

ராதா ஸ்கூலுக்குத் தன் சின்ன காரில் போய் வருபவள். ஓவர்டேக் செய்யக்கூட யோசிப்பாள். ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம். அதை ஒட்டியே இன்னொன்று. தரையில் இரண்டு கருப்புக் கோடுகள், எங்கும் அறுபடாமல். இறங்கியபோது அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கை தட்டினேன். வயிறு எரிந்தது.

திரும்பி வரும்போது ஒவ்வொரு ரவுண்டபவுட் வளைவிலும் பின்னாலிருந்து கர்கர் என்று முனகல். போகும்போதே லேசாக இருந்ததோ? இல்லை. இருந்திருக்காது.

அப்படியே முகிலன் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனோம். முகிலன் என் ஆபீஸ்காரன். "என்ன சார், வண்டி இப்படிக் கத்துது?" என்றான். எல்லோரும் கேட்க, "ராதா ஒரே நாள்ல ஒரு வழி பண்ணிட்டா" என்றேன். சிரிப்பு. "லேடீஸ் கையில சாவி குடுத்தா இப்படித்தான்" என்று யாரோ. நானும் சிரித்தேன்.

ராதா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 27, திங்கள்

ராதா இன்றும் ஸ்கூல் பஸ்ஸில்தான் போனாள். அவள் காரின் மேல் மணல் படிந்துவிட்டது. "ஏன், கார் எடுக்கலையா?" என்று கேட்டேன். "எதுக்கு? அதையும் ஒரு வழி பண்ணிடப் போறேன்." குரலில் கோபமே இல்லை.

நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டாள். டெஸ்டில் ஃபெயிலாகி ஃபெயிலாகி, பாத்ரூமில் அழுது, மறுபடி போய் வாங்கிய லைசென்ஸ் அது. நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 8, சனி

காலி ஆயில் கேனைத் தூக்கிப் போடும் முன் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது. அந்தத் திரவம் இல்லாவிட்டால், வளைவில் தட்டுகள் விட்டுக்கொடுத்து நழுவாமல் ஒட்டி ஒட்டி விடுமாம். அந்த உதறல்தான் சத்தமாம். திரவத்தை ஊற்றி, திறந்த இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டினால் தட்டுகளுக்குள் இறங்குமாம்.

ஊற்றினேன். ஃபர்னிச்சர் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி பார்க்கிங்கில் எட்டு எட்டாகப் போட்டேன். முனகல் குறைந்தது. பிறகு இல்லவே இல்லை.

நான்தான். முழுக்க நான்தான். நான் கெடுத்து வைத்த வண்டியில்தான் அவள் அவ்வளவு அழகாக ஓட்டியிருக்கிறாள் — அவ மேல பழியைத் தூக்கிப் போட்டுட்டு, கூட உட்கார்ந்து சிரிச்சிருக்கேனே. சீ. என்ன மனுஷன்டா நீ?

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லவில்லை. பீர்க்கங்காய்க் கூட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

சொல்லிவிட்டேன். ராதா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். "அவங்க முன்னாடிதானே சொன்னீங்க? இதையும் அவங்க முன்னாடியே சொல்லுங்க" என்றாள். அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 15, சனி

முகிலன் வீட்டில் அதே கூட்டம். சொன்னேன்: வண்டியைக் கெடுத்தது ராதா இல்லை, நான்.

முகிலனின் மனைவி அவன் பக்கம் திரும்பி, "பாத்துக்கோங்க, பொண்டாட்டிய விட்டுக்குடுக்காம எப்படிப் பேசறார்னு. நீங்களும் இருக்கீங்களே" என்றாள். "இல்லைங்க, நிஜமாவே நான்தான்" என்றேன். பாராட்டு இன்னும் கூடியது. தட்டு, திரவம், உதறல் எல்லாவற்றையும் விளக்கினேன். முகிலன் கண்ணடித்து, "புரியுது சார், விடுங்க" என்றான்.

எழுதக் கை கூசுகிறது. நல்ல புருஷன் என்று அவர்கள் சொன்னபோது, ஒரு நொடி, எனக்கு அது பிடித்திருந்தது. ராதா அதைப் பார்த்துவிட்டாள்.

வரும் வழியில் ஒன்றுதான் சொன்னாள். "அன்னைக்கு ஒரே தடவைதான் சொன்னீங்க. உடனே நம்பிட்டாங்க."

பிப்ரவரி 20, வியாழன்

சனிக்கிழமை மைதானத்தில் பெண்களுக்கு மட்டுமான நாள். ராதா பெயர் கொடுத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. மஸ்டாங்கை எடுத்துப் போகச் சொன்னேன். "வேணாம். அங்கயே வண்டி குடுப்பாங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, "வேணும்னா கூட வாங்க" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

அவள் காரை அவளே ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை.

கேட்டில் அவள் உள்ளே போனதும் செக்யூரிட்டி என்னை நிறுத்தினான். "டிரைவர்?" என்றான். ஆண்களுக்கு இன்று அனுமதி இல்லை. விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் தலையாட்டினேன். டிரைவர்கள் உட்காரும் நிழலைக் காட்டினான்.

அங்கே லுக்மான் என்று கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். தமிழ் என்று தெரிந்ததும் நகர்ந்து இடம் விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் டயர்கள் கத்திக்கொண்டிருந்தன.

"உங்க மேடம் எப்படிண்ணே, நல்லா ஓட்டுவாங்களா?"

"ரொம்ப நல்லா ஓட்டுவாங்க. ஒரு தடவை வண்டி கெட்டுப்போச்சு. கெடுத்தது நான்."

உடனே நம்பினார். "அடடா. சம்பளத்துல பிடிச்சாங்களாண்ணே?"

"இல்லை. பழி அவங்க மேல விழுந்துச்சு."

"அது எப்படிண்ணே? நாம ஒன்னும் செய்யாட்டியும் பழி நம்ம தலையிலதான விழும். மேடம் மேல எப்படி விழுந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

லுக்மான் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீங்க அவங்க வீட்டுக்காரரா, சார்?"