நாய்க்குக் குடை பிடித்தவனுக்கு

என்னிடம் மல்லுக்கு நின்று தோற்காத ஒரே ஆளான என் தம்பி சபாபதிக்கு, கடலூர் முதுநகரிலிருந்து அக்கா எழுதுகிறேன்.

நேற்று சிதம்பரத்தில் உன் வீட்டில் உனக்கு வருஷத் திதி கொடுத்தோம். வாழைக்காயை உனக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கினேன். காக்கை வருவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. உயிரோடு இருந்தபோது மட்டும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தவனா நீ?

பொம்மி நன்றாக இருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் காதுக்கு வேறு மாதிரி வந்திருக்கும். "உன் அக்கா புயலில் உன் நாயை வெளியே கொண்டுபோனாள், அந்தப் பொடி உயிரைக் கொல்லப் பார்த்தாள்" என்று தெருவே பேசியது. கொண்டுபோனேன். இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு முறை அப்படி ஒரு காலை வந்தாலும் கொண்டுபோவேன்.

ஆனால் நான் வெட்கப்பட வேண்டிய நாள் வேறு ஒன்று இருக்கிறது. அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் நம் சண்டை. நீ போவதற்கு இரண்டு வருஷம் முன்பு, சித்திரை வெயிலில் சிதம்பரம் கீழ வீதியில் உன்னைப் பார்த்தேன். ஒரு கையில் சங்கிலி, இன்னொரு கையில் கறுப்புக் குடை. குடைக்குக் கீழே அந்த வெள்ளைப் பொமரேனியன் ராணி மாதிரி நடந்து வருகிறது. பூக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நாய்க்குக் கொட புடிக்கிற ஆம்பளைய இப்பத்தான்டா பாக்குறேன்!" என்று கத்தினேன். வீதியே சிரித்தது. நீ திரும்பிப் போனாய்.

அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாயே, அது நியாயமா? நீ மட்டும் வந்தாயா என்று கேட்காதே. நான் மூத்தவள். நீதான் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. மருத்துவமனையில் கிடந்தபோது உன் மகள் சுமதியிடம், "பொம்மிய அக்காகிட்ட குடு" என்று மட்டும் சொன்னாயாம். ஜுர வேகத்தில் உளறியதாக அவள் இன்றைக்கும் நம்புகிறாள். நாயைத் தொட்டால் கை கழுவுகிற என்னிடம் ஏன் கொடுக்கச் சொன்னாய் சபா? இந்த ஒரு வருஷத்தில் நான் கேட்காத நாள் இல்லை.

நாயும் ஒரு பெட்டியும் வந்தன. பெட்டியில் தட்டு, சங்கிலி, சீப்பு, அந்தக் குடை. குடையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பரணில் தூக்கிப் போட்டேன்.

பொம்மி கூடத்தில் மின்விசிறிக்குக் கீழேயே கிடந்தாள். வீட்டுக்குள் ஒரு சொட்டு மூத்திரம் விழக்கூடாது என்று உன் பெண்டாட்டி போட்ட நிபந்தனையில் நீ பழக்கிய பழக்கம், அவள் போன பிறகும் மாறவில்லை. காலையிலும் சாயங்காலமும் வாசல் முருங்கைக்கு அடியில் போவாள். பகலில் கதவைத் திறந்தால் நிலைப்படியில் நின்றுகொள்வாள். கால் எடுத்து வைக்க மாட்டாள். கொழுப்பு என்று நினைத்தேன். இந்தத் திமிரை நான் அடக்குகிறேன் பார் என்று, கத்திரி வெயிலில், நடு மதியம், நூல் வாங்கக் கடைத்தெருவுக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். நாய் என்றால் நாய் மாதிரி நடக்கட்டுமே.

தார் ரோட்டில் அவள் காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். நடனமா ஆடுகிறாய் என்று அதட்டினேன். ரயில்வே கேட் தாண்டியதும் பக்கவாட்டில் விழுந்தாள். நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கியது. வாயில் நுரை.

எதிர்வீட்டு அந்தோணியின் ஆட்டோ அந்தப் பக்கம் வந்தது என் நல்ல நேரம். தண்ணீர் பாட்டிலை அவள் வயிற்றில் ஊற்றிக்கொண்டே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் சின்னப் பெண். பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். நாலு பாதத்திலும் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது.

"உங்க கால்ல செருப்பு இருக்காம்மா?"

"இருக்கு."

"அதுக்கு?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். "வெளிய போய்ப் பொறங்கையத் தரையில வெச்சுப் பாருங்க. உங்களுக்குத் தாங்கினா அதுக்கும் தாங்கும்" என்றாள். வைத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டேன்.

சபா, நீ திமிரைப் பழக்கவில்லை, கொதிக்கிற தரைக்குப் பயப்படத்தான் பழக்கியிருக்கிறாய் என்று அப்போது புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து குடையை எடுத்து விரித்தேன். கட்டுப் போட்ட கால்களோடு அந்த நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது. என் வீட்டுக்கு வந்து அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து முதுநகரில் நாய்க்குக் குடை பிடிக்கிறவள் நான். வெயில் என்றால் காலை ஆறுக்கு முன்னால், இல்லையென்றால் பொழுது சாய்ந்து. நடுவில் அவசரம் என்றால் குடை. மழைக்கும் குடை. "யக்கா, ராணிக்குச் சாமரம் வீசலியா?" என்று அந்தோணி தினமும் கேட்பான். "உன் பொண்டாட்டிய அனுப்புடா, ஆள் கொறையுது" என்பேன்.

இனி புயல் கதை. போன மார்கழியில் ‘தானே’ என்று பேர் வைத்த புயல் வந்தது உனக்குத் தெரியாதே. நம் ஊரில் நின்ற மரம் எது, விழாத கூரை எது என்று விரல் விட்டு எண்ணலாம். முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே மழையும் காற்றும். பொம்மி கடைசியாக வெளியே போனது அப்போதுதான். பிறகு கதவைத் திறக்கவே முடியவில்லை. செய்தித்தாள் விரித்தேன், சாக்கு விரித்தேன், குளியலறையில் கொண்டுபோய் விட்டேன், அதட்டினேன், கெஞ்சினேன். உன் பெண்டாட்டி படத்தைக் காட்டி, "அவளே ஒண்ணும் சொல்ல மாட்டா, போடி" என்றேன். நிபந்தனை நிபந்தனைதான் என்று உட்கார்ந்திருந்தாள்.

விடியும்போது அவள் வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. தொட்டால் முனகினாள். பின்னங்கால்கள் நடுங்கின. கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோட்டில் மரங்கள். அந்தச் சின்ன மருத்துவரை எப்படிக் கூப்பிடுவது? நீ என்னிடம் கொடுத்த உயிர் வீட்டுக்குள்ளேயே போய்விடும் போல இருந்தது.

அப்போது காற்று சட்டென்று நின்றது.

புயல் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிழவி வெளியே போனாள் என்கிறார்கள். நான் என்ன அவ்வளவு அசடா? துறைமுகத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு ஐம்பது வருஷம் ஆகிறது. நடுவில் காற்று நிற்கும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து முன்னைவிட மோசமாக வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனேன். அந்த இடைவெளியை விட்டால் வேறு நேரம் கிடையாது. குடையை விரித்தேன். பொம்மி எழுந்தாள்.

நான் போட்ட திட்டத்தில் பிசகியது ஒன்றுதான். முருங்கை மரம் விழுந்து கிடந்தது. அவள் இடம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. முட்டியளவு குப்பை, ஓடு, கிளை. மோந்து மோந்து சுற்றுகிறாள். நான் குடையோடு பின்னாலேயே சுற்றுகிறேன்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அந்தோணி கத்தினான். அவன் அப்பா கடலுக்குப் போனவர், அவனுக்கும் தெரியும். "யக்கா! உள்ள போ! காத்து திரும்பப் போவுது!"

"தெரியும்டா!"

"தெரிஞ்சிமா அங்க நிக்கிற? இன்னாத்துக்கு?"

"அது இன்னும் போவலடா!"

"நாயி மூத்தரம் பேயறதுக்கா சாவப் போற?"

"நீ வாய மூடு! நீ கத்தறதுல அதுக்கு வரமாட்டேங்குது!"

சபா, நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெற்கே ஜங்ஷன் பக்கம் பத்து ரயில் ஒன்றாக வருகிற மாதிரி சத்தம் எழுந்தது. பொம்மி அப்போதுதான் முருங்கையின் வேர் பிளந்த பள்ளத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளை எப்படித் தூக்குவது? அவ்வளவு நேரம் அடக்கியதை அவள் முடிக்க வேண்டாமா? சத்தம் நெருங்குகிறது, அவள் நிதானமாக இருக்கிறாள், நான் குடை பிடித்து நிற்கிறேன். என் வாழ்நாளிலேயே நீளமான நேரம் அது.

முடித்தாள். ஒரு கையில் அவளை அள்ளி முந்தானைக்குள் போட்டேன். காற்று வந்து அறைந்தது. குடை மேல்பக்கமாக மடிந்து என்னையே இழுத்துப் போயிற்று. "கொடய வுடுக்கா!" என்று அந்தோணி கத்துவது கேட்டது. விடவில்லை. அது உன்னுடையது. துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலிட்டுக் குனிந்தேன். நாங்கள் ஒரு நிமிஷம் முன்பு நின்ற இடத்தில் யார் வீட்டுத் தகரமோ வந்து செருகி நின்றது. தவழ்ந்தே நிலைப்படிக்கு வந்து கதவை முதுகால் சாத்தினேன். உள்ளங்கையைக் குடைக்கம்பி கிழித்திருந்தது. பொம்மி அதை நக்கினாள். அதன் பிறகு சாயங்காலம் வரை தூங்கினாள். நானும்தான்.

இதில் எது தப்பு, சொல். வெயிலில் நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அவளுக்கு எது தாங்கும் என்று நான் பார்க்கவில்லை. புயலில் பார்த்தேன். ஊருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் சுமதி கூப்பிட்டாள். அந்தோணி பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள்.

"அத்த, புயல்ல நாயக் கூட்டிக்கினு வெளிய போனியாமே? வெயில்ல கால வேக வெச்ச. இப்ப இது. திதிக்கு வரும்போது நான் பொம்மியக் கூட்டிக்கினு போறேன்."

"உன் மாடி வூட்ல யாரு பாத்துக்குவா?"

"ஆளு போட்டுக்கிறேன். உன் புடிவாதத்துக்கு அது பலியாவ வேணாம்."

போனை வைத்துவிட்டேன். பிறகு ஒரு வேலை செய்தேன். குடைத்துணி கந்தலாகியிருந்தது, கம்பிகளை அந்தோணி நிமிர்த்திக் கொடுத்தான். பழைய ரவிக்கையைப் பிரித்துப் பார்த்துத்தானே நான் தையல் கற்றேன்? உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு என்னை வீட்டில் நிறுத்தினார்கள், மளிகைப் பொட்டலக் காகிதத்தில்தான் எழுத்தும் படித்தேன். குடையையும் அப்படியே பிரித்தேன். எட்டு முக்கோணம். கறுப்புத் துணி ஏழுக்குத்தான் வந்தது. எட்டாவதற்கு ஆரஞ்சுப் பாவாடைத் துணி. பார்க்கச் சகிக்காது. ஒழுகாது.

நேற்று திதி முடிந்து சாப்பிட்டு எழுந்தோம். சுமதி பிரம்புக் கூடை கொண்டுவந்திருந்தாள், உள்ளே மெத்தை வேறு. பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தடவை வெளியே விட்டுவிடலாம் என்று அவள் கதவைத் திறந்தாள். பங்குனி மதியம், வாசல் கொதித்தது. பொம்மி நிலைப்படியில் நின்றாள்.

"வாடி" என்றாள் சுமதி. வரவில்லை. நான் கொண்டுவந்து மூலையில் சாத்தியிருந்த குடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது இன்னாத்துக்குப் பாக்குது? அப்பா வழுக்கைக்குத்தான் கொட எடுத்துக்கினு போவாருன்னு நெனச்சேன்" என்றாள். சென்னையிலேயே இருந்துவிட்டாள், பார்த்ததில்லை. எடுத்து விரித்தாள். பொம்மி படியிறங்கினாள். நாலடி போனதும் நின்றுவிட்டாள். சுமதி குடையைத் தன் தலைக்கு நேராகப் பிடித்திருந்தாள். நாய் வெயிலில் நின்றது.

"சாச்சுப் புடி. கொட உனக்கு இல்ல, அதுக்கு" என்றேன்.

சாய்த்தாள். தலையிலும் தோளிலும் வெயில் விழுந்தது. முகத்தைச் சுளித்தாள். வாசல் கடக்கும் வரை பொறுத்தாள். திரும்பி வந்து அப்படியே நின்று என் வலது கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே இடது கையைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கிறது.

"அப்பாவுக்கும் இந்தக் கை இப்படித்தான் இருந்துது. வண்டி ஓட்டறதுலன்னு சொல்வாரு" என்றாள்.

நானும் அன்றைக்குக் கீழ வீதியில் குடையைத்தான் பார்த்தேன் சபா. குடைக்கு வெளியே நீ வெயிலில் நின்றதைப் பார்க்கவில்லை.

பொம்மிக்கு என்று கொண்டுவந்த கூடையில் எனக்கு அதிரசமும் ஊறுகாயும் வைத்துக் கொடுத்தாள். "அடுத்த திதிக்கு வந்து பாப்பேன். கால்ல ஒரு கீறல் இருந்தாலும் கூட்டிக்கினு போயிடுவேன்" என்றாள். "வந்து பாரு" என்றேன். அவள் உன் மகள்தான்.

ஏன் என்னிடம் கொடுத்தாய் என்று இனிமேல் கேட்க மாட்டேன். கையில் எடுத்ததை நான் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வேறு காரணம் இருந்தால் உன்னோடு வைத்துக்கொள்.

அடுத்த மாதம் கத்திரி. ஒவ்வொரு நாளும் முதலில் என் புறங்கை தரையில் படும். பிறகுதான் அவள் பாதம் படும். சித்திரையில் ஒரு நாள் அவளோடு கீழ வீதிக்கு வருகிறேன், ஆரஞ்சுத் துண்டு போட்ட குடையோடு, நட்ட நடு மதியத்தில் அல்ல, பூக்கடைகள் திறந்திருக்கிற சாயங்காலத்தில். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அங்கே வீதியையே சிரிக்க வைத்தவள் நான்தான். வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உனக்கு மூத்தவளான,
வலது கை கறுத்த உன் அக்கா தனகோடி