கழன்று விழுந்த முதுகுப் பக்கம்

மார்கழி 4, வியாழன்.

மூணாறில் இருக்கும் மகளின் கைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னத்தான் சின்னமனூரில் அந்தப் பழைய பின்னல் மெஷினை வாங்கினேன். பத்தே நாளில் பிடிபட்டுவிட்டது. அதைச் செய்த கம்பெனிக்காரன் பார்த்தால் என்னை வேலைக்குக் கூப்பிடுவான். ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் நேற்றே ஒரு சாண் இறங்கியிருந்தது.

இன்று மனைவியின் அண்ணன் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்தார்.

"நூலைத் தொட்டுப் பாருங்க மச்சான், பூனைக்குட்டி மாதிரி இருக்கும்" என்று மெஷினிலிருந்து உருவி அவர் கையில் கொடுத்தேன். பிறகு என் வேகத்தைக் காட்ட, ஊசிகளின் மேல் ஓடும் பெட்டியை ஒரே இழுப்பாக இழுத்தேன். பின்னியது முழுவதும் கழன்று தரையில் விழுந்தது.

"முடிஞ்சதும் இப்பிடித்தான் எறக்குவாகளா மாப்ளே?"

"ஆமா" என்றேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நூலு அண்ணன் கையில இருக்கு. நீங்க எதை வச்சுப் பின்னுனீக?"

சாயங்காலம் மகள் போனில் கேட்டபோது, முதுகு முடிந்தது, கைதான் பாக்கி என்று சொல்லிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வாரேன்ப்பா. இங்கன குளிரு தாங்கல. நீங்க பின்னுறீகன்னு பிள்ளைக்கு வேற வாங்கவே இல்ல."

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. நூல் இல்லையென்றால் மெஷின் சும்மா நிற்க வேண்டியதுதானே. ஏற்கெனவே பின்னியதை ஏன் விட வேண்டும்?

விழுந்ததை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் நூலைக் கோத்து, அதே வேகத்தில் எதிர்ப்பக்கமாக இழுத்துப் பார்க்க வேண்டும்.