நான் வாங்காமல் வந்த ரேடியோ

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் அக்காவுக்கு,

நீ போய் மூன்றாவது ஆடியும் வந்துவிட்டது. இத்தனை நாள் கழித்து எழுத உட்கார்ந்தால், ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொய்யை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆனால் அது உன் பிள்ளை சம்பந்தப்பட்ட பொய். அதனால் உன் காலில்தான் முதலில் விழ வேண்டும்.

பட்டணத்தை விட்டு வந்துவிட்டோம் அக்கா. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டியது, நாங்களும் கட்டினோம். அம்பத்தூரில் ஸ்டேஷனுக்குத் தெற்கே வாங்கிப் போட்டிருந்த மனையில் அவசர அவசரமாக இரண்டு அறை எழுப்பி, சுவர் காய்வதற்குள் பால் காய்ச்சிக் குடிவந்தாயிற்று. ஆவடிப் பக்கம் ஓயாமல் பட்டாளத்து லாரி போகிறது. ஒவ்வொன்று உறுமும்போதும் நான் வானத்தை அண்ணாந்து பார்க்கிறேன். பல்லிக்கே பயப்படுகிறவள் நான், உனக்குத் தெரியாததா?

ஆனால் இந்தப் பயமெல்லாம் ஒரு பயமே இல்லை. உன் ஏழுமலை சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டான். அந்த ஊர் விழுந்த நாளிலிருந்து ஒரு கடுதாசி இல்லை. சர்க்காரிலிருந்து ஒரு காகிதம் வந்தது, தகவல் இல்லை என்று. உயிரோடு இருக்கிறானா, கைதியாக இருக்கிறானா, இல்லையா? அந்தக் கடைசி வார்த்தையை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். நீ கண்ணை மூடும்போது அவன் கையை எடுத்து என் கையில் வைத்தாய். பட்டாளத்தில் லாரி ஓட்டினால் நல்ல சம்பளம், நாலு ஊரும் பார்க்கலாம், போடா என்று அவனை அனுப்பியவள் நான்தான். என் வாயை எதனால் அடிப்பது?

புது வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் இவர் சொன்னார், "ரேடியோ ஒண்ணு வாங்கணும்டி. இங்க அபாயச் சங்கும் கெடையாது. பட்டணத்துல குண்டு உழுந்தாக்கூட மறுநாள் பேப்பர் பாத்துதான் தெரிஞ்சிக்கணும். அந்தப் பையனப் பத்தியும் எதுனா சொல்லுவான்." இவருக்கு அச்சாபீசில் லீவு கிடைக்கவில்லை. பேரம் பேசுவதில் எப்போதும் நான்தான் கெட்டிக்காரி என்பதால் என்னையே போகச் சொன்னார். பூந்தமல்லிக்கு ஜட்கா வண்டி பிடித்துப் போனேன்.

அங்கே காசிம் பாய் என்று ஒருவர். கடிகாரம் பழுது பார்க்கிறவர். பட்டணத்தை விட்டு ஓடுகிறவர்கள் விற்றுவிட்டுப் போகிற ரேடியோவையெல்லாம் வாங்கி வைத்திருந்தார். முதலில் ஒன்றைக் காட்டினார். ஏதோ வக்கீல் வீட்டுப் பெட்டியாம், நம் அரிசிப் பெட்டி உயரம், பளபளவென்று இருந்தது. நான் ஆசையாகத் தடவிப் பார்த்தேன்.

"உங்க தெருவுல கரண்ட் கீதாமா?" என்றார்.

"இல்ல பாய்."

"அப்ப இது மேல துணி மடிச்சி வெக்கலாம். வேற ஒண்ணுத்துக்கும் ஆவாது."

பிறகு பாட்டரியில் ஓடுகிற பெட்டி இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் பட்டணத்து ஸ்டேஷன் மட்டும்தான் வரும், விலை குறைச்சல். இன்னொன்றில் ஷார்ட் வேவ், உலகத்தில் எங்கே பேசினாலும் பிடிக்கும், விலை எட்டாத உயரம். நான் மலிவானதைக் கையில் எடுத்தேன். பாய் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க ஆளு யார்னா அந்தப் பக்கம் கீறாங்களா?"

"அக்கா மவன். சிங்கப்பூர்ல."

"எந் தம்பியும் அங்கதாம்மா கடை வெச்சிகினு இருந்தான். சாயங்காலத்துல எதிராளி ஸ்டேஷன்ல தமிழ்ல பேசறான். புடிச்சி வெச்சிகினு கீற நம்ம பசங்க பேரப் படிக்கிறான். கதவ மூடிகினு தெனம் கேக்கறேன். வெளிய மூச்சு உடாதீங்க, போலீஸ் தொல்லை." மலிவான பெட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, மற்றதை என் பக்கம் நகர்த்தினார். "இத்த எடுத்துகினு போங்கம்மா. அதுக்கு இன்னா வெலையோ, இதுக்கும் அதே வெல. உங்ககிட்ட எனக்கு லாபம் வாணாம்."

அக்கா, நான் வாயைத் திறக்காமலே விலை இறங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தப் பெட்டியைத் தொடவே பயமாக இருந்தது. "வாணாம் பாய், எங்களுக்குப் பாட்டுக் கேட்டா போதும்" என்றேன். அந்த மனுஷர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மலிவான பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இவரிடம், "ஷார்ட் வேவெல்லாம் யானை வெல சொல்றாங்க, நமக்குக் கட்டாது" என்றேன். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன்? கெட்ட சேதி காதில் விழாத வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் அக்கா. அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தால் தினமும் பேர் படிப்பார்கள், தினமும் அவன் பேர் வராமல் போகும். அதை நான் தாங்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன், அவன் அங்கே உன்னிடம் வந்துவிட்டானா? வந்திருந்தால் கனவில்கூட வந்து சொல்லிவிடாதே.

கூரைக்கு மேல் மூங்கில் நட்டு இவர் ரேடியோவுக்கு ஏரியல் கம்பி கட்டினார். பக்கத்து வீட்டு ராஜம்மா ஓடிவந்தாள். "இன்னாத்துக்குமா கம்பி கட்டிகினு கீறீங்க? அத்தப் பாத்துகினே ஏரோப்ளேன் நேரா இங்க வந்துடும்னு சொல்றாங்கோ!" என்றாள். "வந்தா மொதல்ல உன் ஊட்டுக்குத்தான் வரும், சோறு வடிச்சி வையி" என்று சொல்லி அனுப்பினேன். பேச்சுதான் பெரிசு. அவள் போன பிறகு நானும் அந்தக் கம்பியைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேன்.

ரேடியோ நன்றாகத்தான் பாடியது. தினமும் சாயங்காலம் கச்சேரி, பிடில், நெல் விலை, நாம்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்கிற செய்தி. இவர் தாளம் போடுவார். நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் பாட்டரி தீர்ந்துவிட்டது. இவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சார்ஜுக்குக் கொடுக்கப் பூந்தமல்லிக்குப் போனார். இன்று சனிக்கிழமை. திரும்ப வாங்கிவந்து வைத்தவர், ரேடியோவைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பாய் எல்லாத்தையும் சொன்னாரு" என்றார். "அதே வெலைக்குத் தரேன்னாராமே."

குற்றம் உள்ளவளுக்குத்தான் கோபம் முந்திக்கொண்டு வரும். "ஆமா, சொன்னாரு! நான்தான் வாணாம்னேன். இன்னா இப்போ? என்னைத் தூக்குல போடப் போறியா?" என்று கத்தினேன். கத்திவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

இவர் திட்டவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கிட்டயும் சொன்னாரு. பெட்டிய இன்னிக்கே மாத்தி எடுத்துகினு போ, மேல ஒண்ணும் தர வாணாம்னாரு. நானும் வாணாம்னுட்டு வந்துட்டேன்டி."

அக்கா, என் அழுகை சட்டென்று நின்றது. மீசை வைத்த மனுஷர், அவருக்கும் என் பயமே. இரண்டு பேரும் அந்தப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பாய் சொன்ன மீதியையும் இவர் சொன்னார். "அந்த ஸ்டேஷன்ல பேரு படிக்கறதோட உடலியாம். சில பசங்களையே கூட்டாந்து பேச உடறானாம். ஆளுக்கு ரெண்டு வார்த்த. நான் நல்லா கீறேன், கவலப்படாதீங்கன்னு ஊட்டுக்குச் சொல்லிக்கலாமாம். பாய் கேட்டிருக்காரு. ஒரு பையன் அம்மா அம்மான்னு ரெண்டு தரம் கூப்டுட்டு, வேற ஒண்ணும் சொல்ல வராம நின்னுட்டானாம்."

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய பயமெல்லாம் போய் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. நம் ஏழுமலையையும் அப்படிக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தால்? அவனுக்குக் கூப்பிட அம்மா இல்லையே. சின்னம்மா என்றுதானே கூப்பிட்டிருப்பான்? எங்கேயாவது ரேடியோ வைத்திருக்கிற இடமாகப் பார்த்துச் சின்னம்மா போய் நின்று கேட்பாள் என்று நம்பித்தானே பேசியிருப்பான்? அந்த நேரத்தில் நாங்கள் இங்கே பிடில் கேட்டுக்கொண்டிருந்தோம். எத்தனை சாயங்காலம் அக்கா! அவன் கூப்பிட்டு, யாரும் இல்லாத வீட்டில் கூப்பிட்ட மாதிரி ஆகியிருந்தால், இந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

இவர் பெட்டியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். விடிந்ததும் முதல் ஜட்காவில் பூந்தமல்லிக்குப் போகிறோம், இரண்டு பேருமாக. ஒருவரைத் தனியாக அனுப்பினால் மறுபடியும் வெறுங்கையோடுதான் வருவோம்.

பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. ஆனாலும் சத்தியம் செய்கிறேன். நாளையிலிருந்து ஒரு சாயங்காலம் விடமாட்டேன். கெட்ட சேதி வந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடாமல் கேட்டு, உனக்கு நானே எழுதுவேன். அவன் வந்து நின்று சின்னம்மா என்று கூப்பிட்டால், "இன்னாடா கண்ணு" என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்வேன். அவன் காதில் விழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்வேன்.

உன் தங்கச்சி,
உன் பிள்ளைக்குச் சின்னம்மா,
தனம்